ஐம்பத்திரண்டா, ஐம்பத்து நாலா

டேப்பக்காவிடம் உயரத்தைக் கூட்டிச் சொல்லித் தப்பித்த ஆண்பிள்ளை இதுவரை கிடையாது. சைக்கிள் கடைக்குள் நுழையும்போதே "நான் அஞ்சு பதினொண்ணுக்கா" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவார்கள். அவள் மறுபேச்சு பேச மாட்டாள். செருப்பைக் கழற்றச் சொல்லி, சுவரோடு ஒட்டி நிற்க வைத்து, உச்சந்தலையில் ஒரு மரக்கட்டையை மட்டமாக வைத்துப் பென்சிலால் கோடு இழுப்பாள். ஆள் விலகித் திரும்பிக் கோட்டைப் பார்த்துவிட்டு, "சுவரு கொஞ்சம் எறங்கியிருக்கும் போல" என்பான். "ஆமா, கட்டடம் பழசு" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு, அளவு அட்டையில் ஐந்து எட்டரை என்று எழுதிக்கொள்வாள்.

அடுத்த காரியம்தான் ஆட்களை நெளிய வைக்கும். உதிரிபாகங்களின் பழைய விலைப்பட்டியல் ஒன்று, செங்கல் தடிமன் புத்தகம், அதைக் காலிடுக்கில் வைத்து மேலே இறுக்கிப் பிடிக்கச் சொல்வாள். சீட்டில் உட்கார்ந்தால் எலும்பு எங்கே பதியுமோ அந்த இடம் வரை ஏற வேண்டும். அங்கிருந்து தரை வரைக்கும் டேப்பை விட்டால் கால் அளவு. "கூச்சப்பட்டீங்கன்னா ரெண்டு சென்டிமீட்டர் போயிடும். அப்புறம் வருஷக்கணக்கா முட்டி வலின்னு நீங்கதான் அலையணும்" என்பாள். வளைந்து நெளிந்துகொண்டிருந்தவர்கள் அதைக் கேட்டதும் நேராகிவிடுவார்கள். அங்கிருந்தே கழுத்துக் குழி வரை உடம்பு அளவு, தோளிலிருந்து உள்ளங்கை வரை கை அளவு. நாலு எண்கள். அதை வைத்து ஐம்பத்திரண்டா, ஐம்பத்து நாலா, ஐம்பத்தாறா என்று ஃப்ரேம் சைஸை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் போடுவார். அவள் அட்டையை அவர் சரிபார்த்து ஏழெட்டு வருஷம் ஆகிறது.

அதற்கு முன் பதினெட்டு வருஷம் அவள் பக்கத்துத் தையல் கடையில் இருந்தவள். பள்ளிக்கூடச் சீருடை தைத்துத் தைத்தே கண்ணாலேயே அளவெடுக்கப் பழகிவிட்டாள். தையல் கடை மூடியபோது சைக்கிள் கடைக்காரர்தான், "சும்மா வந்து உக்காருங்கக்கா, டேப்பு பிடிக்கத் தெரிஞ்ச ஆளு எனக்கு வேணும்" என்று கூப்பிட்டார். வந்த முதல் வாரத்திலேயே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. துணியில் உள்ளே மடித்துத் தைத்துவிட்டால் பின்னால் பிரித்துக்கொள்ளலாம். சைக்கிள் ஃப்ரேமில் உள்மடிப்பு கிடையாது. சீட்டை ஏற்றலாம், இறக்கலாம், முன்னே பின்னே தள்ளலாம். ஃப்ரேம் பெரிதென்றால் பெரிதுதான்.

கிராவல் சைக்கிள் வர ஆரம்பித்த பிறகு அவளிடம் இந்தக் கண்டிப்பு கூடிவிட்டது. பந்தய சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில், ஆனால் டயர் தடியாக இருக்கும். சரளை, செம்மண், காட்டுப் பாதை எல்லாவற்றிலும் போகும். அதை வாங்குகிறவன் கடைத்தெருவுக்குப் போய்வர வாங்குவதில்லை. நாள் முழுக்க அதன்மேல் உட்காரப் போகிறான். ஒரு சைஸ் பெரிதாகிவிட்டால் ஹேண்டிலை எட்டி எட்டிப் பிடிக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் தெரியாது. மூன்றாவது மணி நேரத்தில் கழுத்து பிடிக்கும், அடுத்து நடு முதுகு, பிறகு சுண்டு விரல் மரக்கும். "கொஞ்ச நாள்ல பழகிடும்ல?" என்று யாராவது கேட்டால் அவளுக்கு எரிச்சல் வரும். "செருப்பு பழகும். சைக்கிள் பழகாது. அந்த வார்த்தையை இந்தக் கடைக்குள்ள சொல்லாதீங்க" என்பாள்.

இப்படிப்பட்டவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தப்பான சைஸ் எழுதினாள். அது அவள் மகளுக்கு.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு நாலு வயது, மூத்தவனுக்குப் பதினொன்று. மகளுக்கு ஐந்து வயதில் இழுப்பு வந்தது. விசில் ஊதுகிற மாதிரி நெஞ்சு சத்தம் போடும். தலையணைகளை அடுக்கிப் பிள்ளையை அதில் சாய்த்து, முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். ஓடாதே, குதிக்காதே, தூசியில் போகாதே. ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் கொடுப்பாள், இந்தப் பிள்ளையை விளையாட்டு வகுப்பில் ஓட விட வேண்டாம் என்று. மைதானத்து ஓரத்தில் மற்ற பிள்ளைகளின் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்தே மகள் வளர்ந்தாள். வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் நோஞ்சான்.

பதிமூன்று வயதில் இழுப்பு நின்றுவிட்டது. டாக்டரே, இனிமேல் தாராளமாக ஓடட்டும் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் டேப்பக்கா கடிதம் கொடுத்தாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மூத்தவன் இரண்டு வருஷ வேலை என்று கடல் தாண்டிப் போனான். பதினோரு வருஷமாகிறது. மாதம் ஒரு முறை போன் வரும். "சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு" என்று கேட்டுவிட்டு அதற்கு மேல் என்ன பேசுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் இருமிக்கொண்டிருப்பார்கள். அவனைக் குறை சொல்ல மாட்டாள். ஆனால் அவன் பழைய செருப்பை வாசல் மூலையிலிருந்து எடுக்கவும் மாட்டாள். இரண்டு அறை வீட்டில் அவளும் மகளுமாகக் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

இருபத்தாறு வயதில் மகள் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே சொன்னாள்.

"அம்மா, வேலையை விடப் போறேன். சைக்கிள்ல கிளம்பலாம்னு இருக்கேன்."

"எங்க?"

"மலை ஏறி அந்தப் பக்கம் எறங்கி, மேட்டுநிலம் வழியா. எல்லாம் மண் ரோடு. நாலு மாசம் ஆகும்."

"அப்புறம்?"

"அப்புறம் தெரியலம்மா. பிடிச்ச இடத்துல இருந்து பாக்கறேன். அங்கயே வேலை கெடைச்சாலும் சரி."

டேப்பக்கா தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்து நிரம்பியிருந்த டம்ளரிலேயே மறுபடியும் ஊற்றினாள். மகள் துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "இந்த உடம்பால என்ன முடியும்னு ஒரு தடவையாச்சும் பாக்கணும்மா. எனக்கு நானே நோஞ்சான்னு நெனச்சே பாதி வயசு போயிடுச்சு" என்றாள். பிறகு, "சைஸ் நீதான் பாத்துக் குடுக்கணும். வேற யார்கிட்டயும் போக மாட்டேன்" என்று சிரித்தாள்.

இரண்டு வாரம் டேப்பக்கா என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். வழியில் நாய் துரத்தும் என்றாள். தனியாகப் பெண்பிள்ளை என்றாள். மழை, வெயில், வயிற்றுப்போக்கு எதையும் விடவில்லை. மகள் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, கடையில் வேறு யாரும் இல்லாதபோது, வெறுங்காலுடன் வந்து சுவரோரமாக நின்றாள்.

உயரம் நூற்று அறுபத்தாறு சென்டிமீட்டர். சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் அந்த உயரத்துக்கு ஐம்பத்திரண்டும் எழுதியிருக்கும், ஐம்பத்து நாலும் எழுதியிருக்கும். இரண்டு கட்டமும் அந்த இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அப்படி எல்லைக்கோட்டில் நிற்கிற ஆளுக்குக் காலும் உடம்பும் கையும்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கால் எழுபத்தொன்பது. நீண்ட கால்கள், அப்பாவுடைய கால்கள். டேப்பக்கா எழுந்து, டேப்பின் நுனியை மகளின் கழுத்துக் குழியில் கட்டைவிரலால் அழுத்தினாள். கட்டைவிரலுக்கு அடியில் நாடி துடித்தது. வளர்ந்த மகளை அவ்வளவு பக்கத்தில் தொட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று நினைத்தாள். நெஞ்சு அமைதியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. விசில் சத்தம் இல்லை. அந்தச் சத்தம் இல்லாதது அவளுக்கு ஏனோ ஏமாற்றமாக இருந்தது.

உடம்பு அளவு ஐம்பத்தாறு. கால் நீளம், உடம்பு குட்டை. இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை, ஐம்பத்திரண்டு.

டேப்பக்கா அட்டையில் உடம்பு ஐம்பத்தொன்பது என்று எழுதினாள். கை அளவிலும் இரண்டைக் கூட்டினாள். சைஸ் ஐம்பத்து நாலு. கையெழுத்து.

எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தாள். கால் நீளமாக இருப்பதால் பெரிய ஃப்ரேமிலும் தரை எட்டும். சரளையில் சறுக்கினாலும் ஊன்றிக்கொள்ளலாம், விழ மாட்டாள். கடைக்குள் ஏறி நின்று பார்த்தாலும் குறை தெரியாது. நீளத்தில்தான் கோளாறு, அது மூன்று மணி நேரம் கழித்துத்தான் வெளியே வரும். நாலு நாள், மிஞ்சிப் போனால் ஐந்து நாள். முதுகு வலிக்கும், அம்மா நினைப்பு வரும், திரும்பிவிடுவாள். கையெழுத்துப் போடும்போது அவளுக்குக் கை நடுங்கவில்லை. பிற்பாடு நினைத்து நினைத்து மருகியதெல்லாம் அதற்காகத்தான்.

மூன்று வாரத்தில் சைக்கிள் வந்தது. மண் நிறம். மகள் காலை அகட்டி நின்றபோது மேல் குழாய்க்கும் அவளுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தது. கடைக்காரர், "கச்சிதம்" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். தெருவில் இரண்டு சுற்று போய்விட்டு வந்து மகள் சொன்னாள்:

"நல்லா இருக்கும்மா. ஹேண்டில்தான் கொஞ்சம் எட்டிப் பிடிக்கிற மாதிரி இருக்கு."

டேப்பக்கா டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "பழகிடும்."

கிளம்பின மூன்றாவது நாள் சாயங்காலம் கழுத்து பிடித்திருக்கிறது என்று போன் வந்தது. டேப்பக்கா சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளச் சொன்னாள். அது பாதி மருந்து. ஹேண்டிலைத் தாங்குகிற கட்டையைக் கழற்றி வேறு குட்டைக் கட்டை மாட்டினால் இன்னும் கொஞ்சம் சமாளிக்கலாம், எந்த ஊர்க் கடையிலும் செய்து தருவார்கள். அதை அவள் சொல்லவில்லை. ஐந்தாம் நாள், சுண்டு விரல் மரத்துப்போய் பிரேக்கைப் பிடிப்பதே தெரியவில்லை என்றாள் மகள். ஏழாம் நாள் மலைப் பாதியில் ஒரு பஸ் நிழற்குடைக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி பேசினாள். எழுந்திருக்க முடியவில்லையாம். போகிற வருகிறவர்கள் பிணமென்று நினைத்து எட்டிப் பார்க்கிறார்களாம். அதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள், சிரிக்கும்போது முதுகு பிடித்து 'அம்மா' என்றாள்.

அந்த ஒரு 'அம்மா'வில் டேப்பக்கா எல்லாவற்றையும் கொட்டியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் சொன்னது வேறு.

"உடம்பு சொல்றதக் கேளு பாப்பா. முடியலன்னா அதுல ஒண்ணும் அவமானம் இல்ல. வந்துடு."

ஒன்பதாம் நாள் ஒரு காய்கறி லாரியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு மகள் வந்து சேர்ந்தாள். டேப்பக்கா வெந்நீர் போட்டுக் கொடுத்தாள், முதுகில் தைலம் தேய்த்தாள், தலையணைகளை அடுக்கினாள். பழையபடி முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தபோது அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. முதல் இரண்டு நாள் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

வலி ஒரு வாரத்தில் போய்விட்டது. மகள்தான் எழுந்திருக்கவில்லை. வலிக்கிறதா என்றால் இல்லை என்பாள். வெளியே போய்விட்டு வாயேன் என்றால் என்னத்துக்கு என்பாள். மேட்டுநிலத்து வரைபடத்தை நாலாக மடித்து அலமாரித் தட்டில் விரித்து, அதன்மேல் துணிகளை அடுக்கினாள். பழைய அலுவலகத்துக்கு எழுதிப் போட்டு, அதே நாற்காலியைத் திரும்பக் கேட்டாள். மாடிப்படி ஏறி வந்தால் நெஞ்சில் கை வைத்து மூச்சைக் கவனிக்கிறாள் என்பதை டேப்பக்கா பார்த்தாள். ஒரு நாள் மேல்வீட்டுக்காரி, "என்னம்மா, போன வேகத்துல திரும்பிட்டே?" என்று வாயைப் பிடுங்கினாள். மகள் துணி காயப்போட்டுக்கொண்டே, "எனக்கு அதெல்லாம் ஒத்துக்காதுக்கா. சின்ன வயசுலேர்ந்தே உடம்பு அப்படி" என்றாள். சொன்ன குரலில் வருத்தம்கூட இல்லை. அடுப்படியில் டேப்பக்காவுக்கு அது கேட்டது.

சைக்கிளை விற்றுத் தரச் சொல்லி மகள் கடையில் விட்டிருந்தாள். கடைக்காரர் அதை ஸ்டாண்டில் மாட்டிச் சுத்தம் செய்தவர், சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே டேப்பை வைத்துப் பார்த்தார். இன்னொரு தடவை வைத்தார். பெட்டியைத் திறந்து மகளின் அளவு அட்டையைத் தேடி எடுத்தார்.

"அக்கா, உடம்பு அம்பத்தொம்பதுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"பாப்பாவுக்கு ஏதுக்கா அவ்வளவு உடம்பு? ஆளுல பாதி காலுதான். பாப்பாவுக்கு அம்பத்திரண்டுதான்க்கா." சொல்லிவிட்டு அவர் அவள் முகத்தைப் பார்த்தார். நல்ல மனிதர். பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "ஆறு ஒம்பதா தெரிஞ்சிருக்கும். எல்லாருக்கும் ஒரு நாள் கண்ணு ஏமாத்தும். கண்ணாடிய மாத்துங்க."

தண்ணீரில் கிடந்து தவிப்பவளுக்குக் கட்டை கிடைத்த மாதிரி டேப்பக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். "ஆமா தம்பி, கொஞ்ச நாளா மங்கலாத்தான் தெரியுது" என்றாள். வழி நெடுகிலும் அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ஆறு, ஒன்பது. கண்ணாடி. யாருக்கும் நடக்கிறதுதான்.

மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். பகல் வெளிச்சம் அவள் மடியில் விழுந்துகிடந்தது.

"பாப்பா, அந்த சைக்கிள் சைஸ் தப்பு. உனக்கு அம்பத்திரண்டு வாங்கியிருக்கணும். நான் தப்பா அளந்துட்டேன். உன் உடம்புல ஒரு கோளாறும் இல்ல."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள், நோயாளியைப் பார்க்க வந்தவர்களிடம் நோயாளி சிரிக்கிற மாதிரி.

"என்னைத் தேத்தறதுக்காக உன் தொழில ஏம்மா காவு குடுக்கறே?"

"நெஜமாத்தான். ஆற ஒம்பதுன்னு எழுதிட்டேன். கடைக்காரத் தம்பியக் கேட்டுப் பாரு."

"அவரையும் சொல்ல வெச்சுட்டியா? அம்மா, ஒரு ஆளு கதவத் தொறந்துட்டு உள்ள வரும்போதே அரை சென்டிமீட்டர் சுத்தமா சொல்றவ நீ. நான் உன் வயித்துல பொறந்தவ. என்னைத் தப்பா அளப்பியா? விடு. எனக்கு வருத்தமெல்லாம் இல்ல. என் உடம்பு எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கிட்டேன், அவ்வளவுதான்."

நகத்துண்டுகளைத் தாளில் கூட்டி மடித்துக்கொண்டு எழுந்தாள். இதை டேப்பக்கா எதிர்பார்க்கவில்லை. கண்ணாடி, ஆறு, ஒன்பது எல்லாம் ஒரு நொடியில் உதவாமல் போயிற்று. அவள் தொழிலில் சம்பாதித்த நல்ல பெயர் முழுவதும் அவள் மகளுக்கு எதிராக நின்றுகொண்டிருந்தது. இனி சொல்வதற்கு மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னால் மகளுக்கு மகளுடைய உடம்பு திரும்பக் கிடைக்கும். தனக்கு என்ன மிஞ்சும் என்று டேப்பக்காவுக்குத் தெரிந்திருந்தது. சொல்லாமல் விட்டால் மகள் இந்த வீட்டிலேயே இருப்பாள், சாயங்காலம் ஆறு மணிக்கு வருவாள், மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். பத்து வருஷம், இருபது வருஷம்.

"நான் தப்பா அளக்கல" என்றாள் டேப்பக்கா.

மகள் அறை வாசலில் நின்றாள்.

"சரியாத்தான் அளந்தேன். அம்பத்தாறு. தெரிஞ்சேதான் அம்பத்தொம்பதுன்னு எழுதினேன். முதுகு வலிச்சா நீ திரும்பி வந்துடுவேன்னு எழுதினேன். போன்ல சீட்டத் தள்ளச் சொன்னேன் பாரு, அதுவும் பத்தாதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். இழுப்பு நின்னதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் பள்ளிக்கூடத்துக்கு லெட்டர் குடுத்தேன், அதுவும் அப்படித்தான். நீ நோஞ்சான் இல்ல பாப்பா. நீ எப்பவோ நல்லாயிட்ட."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள். மகள் கையிலிருந்த தாள் மடிப்பைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள். திட்டுவாள் என்று டேப்பக்கா காத்திருந்தாள். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம், காலில் விழலாம், அழலாம், இருவருமாக அழுதால்கூட ஏதோ ஒரு வழி பிறக்கும்.

"ஒம்பது நாள்மா" என்றாள் மகள். குரல் ஏறவே இல்லை. "ஒவ்வொரு மேட்டுலயும் எறங்கி நின்னு என் உடம்ப நானே திட்டினேன். சனியனே, உனக்கு எவ்வளவு செஞ்சிருக்கா அம்மா, இதுகூட முடியாதான்னு திட்டினேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருந்த ஐந்து வாரமும், சாப்பாடு எடுத்து வைத்தால் சாப்பிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒரு கடுஞ்சொல் கிடையாது. பள்ளிக்கூட நாளில் தோழி வீட்டில் விருந்துக்குப் போனால் இருப்பாளே, அந்த மரியாதையோடு இருந்தாள்.

கடைக்காரர் பெரிய ஃப்ரேமைத் திருப்பி எடுத்துக்கொண்டு ஐம்பத்திரண்டு வரவழைத்தார். மகளைச் சுவரோரம் நிற்க வைத்து அவரே திரும்ப அளந்தார், அவ்வளவு பழக்கமில்லாத கையால், ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை சத்தமாகப் படித்தபடி. டேப்பக்கா உள்ளறையில் செயின்களை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தாறு என்று அவர் படித்தது அவளுக்குக் கேட்டது. எழுந்து போகவில்லை. சீட் உயரத்தைப் பார்த்துக் கொடுக்கட்டுமா என்று கேட்க நாக்கு துடித்தது, கேட்கவில்லை. கிளம்புகிற காலையில் மகள் வாசலில் நின்று, "வரேம்மா" என்றாள். போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை அல்லவா, அதனால் அப்படிச் சொன்னாள்.

நாட்கள் போயின. வீட்டுக்குப் போன் வரவில்லை. கடைக்காரருக்குத்தான் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தரம் செய்தி வரும். பிரேக் சத்தம் போடுகிறது, என்ன செய்ய? டயரில் காற்று எவ்வளவு வைக்க? அவர் பதில் எழுதிவிட்டு, போனை டேப்பக்கா பக்கம் நகர்த்தி வைப்பார். அவள் படித்துவிட்டுத் திருப்பி நகர்த்துவாள்.

இருபத்து மூன்றாம் நாள் ஒரு படம் வந்தது. மலையெல்லாம் ஏறி முடிந்து, அந்தப் பக்கத்து மேட்டுநிலம். கண்ணுக்கெட்டிய தூரம் வெளிறிய சரளைப் பாதை. யாரோ வழிப்போக்கர் பக்கவாட்டில் நின்று எடுத்திருக்க வேண்டும். மகள் ஓட்டிக்கொண்டிருக்கிறாள், முகம் படத்துக்குத் திரும்பவில்லை.

"முதுகு எப்படி இருக்குன்னு கேளுங்க தம்பி" என்றாள் டேப்பக்கா. "நான் கேட்டேன்னு எழுத வேண்டாம்."

அவர் எழுதினார். பதில் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. வலியே இல்லை அண்ணா, அவ்வளவுதான் இருந்தது.

அவள் போனை வாங்கி மறுபடியும் படத்தைப் பெரிதாக்கினாள். முகத்தைப் பார்க்கத்தான் பெரிதாக்கினாள். கண் பழக்கத்தில் வேறு இடத்துக்குப் போனது. முழங்கை லேசாக மடங்கியிருந்தது. தோள் காதுக்கு ஏறவில்லை. கால் கீழே போகும்போது முட்டி முழுக்க நீளாமல் கொஞ்சம் மடங்கி நின்றது. முதுகு எங்கேயும் உடையாமல் இடுப்பிலிருந்து கழுத்து வரை ஒரே கோடாகப் போயிற்று. எத்தனை ஆயிரம் பேரை உட்கார வைத்துப் பார்த்தவள் அவள். இப்படி உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு எத்தனை நாள் ஓட்டினாலும் வலிக்காது. இப்படி உட்கார்ந்திருக்கிற ஆள் பாதியில் திரும்பி வர வேண்டிய அவசியமே இல்லை.

"என்னக்கா, சரியா இருக்கா?" என்றார் கடைக்காரர்.

"சரியா இருக்கு" என்றாள் டேப்பக்கா.